வேனிற் செலவு

‘செலவு’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் பொருளைச் செலவிடுதலே இக்காலத்தார் நினைவிற்கு வருகின்றது. பழந்தமிழில் அச்சொல் செல்லுதலை, அஃதாவது பயணத்தைக் குறித்து வழங்கிற்று. தலைவன் பிரிந்து செல்லக் கருதிப் பின்னர்ச் சிறிது காலம் தவிர்ந்திருத்தலைச் ‘செலவழுங்குதல்’ என்றனர் நம் முன்னோர். எப்பொழுது செல்லுதல் வேண்டும் என்பதேயன்றி, எப்பொழுது செல்லாதிருத்தல் வேண்டும் என்பதும் செலவின்கண் அறியத்தக்கது என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றதன்றோ? கோடையில் வழிச்செல்வார்க்கு இவ்வறிவு உயிர்காப்பதாகும்.

வேனிலும் நண்பகலும் பாலைத் திணைக்கு உரிய பொழுதுகள் எனத் தொல்காப்பியம் கூறும். தலைவனும் தலைவியும் உற்றாரைப் பிரிந்து கொடிய சுரத்தின் வழியே ஒருவருக்கொருவர் துணையாகச் செல்லுதலை ‘உடன்போக்கு’ என்பர். சிலப்பதிகாரத்திலும் இத்தகைய செலவு ஒன்று உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரை நோக்கிச் சென்றபொழுது, வேனில் வெயிலைக் கண்ணகி பொறாள் என்பது கருதி, பாண்டி நாட்டின்கண் பகலில் தங்கி, இரவில் நிலவொளியில் வழிநடந்தனர். வெயிலை வெல்ல முயலாது விலகிச் செல்லுதலே அறிவுடைமை என்பதை அக்காதை நமக்குக் காட்டுகின்றது.

அத்தகைய இருவர், பிற்காலத்தில் மிதிவண்டி ஏறி நம் நாடு முழுவதையும் கண்டு சென்றனர். அவர் அமெரிக்க நாட்டினராகிய வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்னும் மருத்துவரும், அவர்தம் மனைவியார் ஃபேனி புல்லக் வொர்க்மன் அம்மையாரும் ஆவர். இரு சக்கரமும் ஒத்த அளவினவாய், சங்கிலியால் இயங்கும் மிதிவண்டியை 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் உருவாக்கினார். 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரை அமைத்தார். இவ்விரண்டும் தோன்றிய பத்தாண்டுகளுக்குள், 1897ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வொர்க்மன் இணையர் கீழ்நாட்டுச் செலவைத் தொடங்கினர். அப்பொழுது கணவருக்கு வயது 50, மனைவியாருக்கு 38. இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் அவர்கள் சுற்றினர். சென்ற தொலைவு 14,000 மைல் ஆகும். அதனுள் இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம் வரை மிதிவண்டியில் கடந்த வழி மட்டும் ஏறத்தாழ 4,000 மைல்.

அவர்கள் கொண்டுசென்ற பொருள்கள் மிகச் சிலவே. தேயிலை, சர்க்கரை, பிஸ்கட்டு, பாலாடைக்கட்டி, தகரப் பெட்டியில் அடைத்த உணவு, குடிநீர், தலையணை, ஆளுக்கு ஒரு போர்வை, எழுதுபொருள், மருந்துப் பை, வண்டி பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவையே அவை. தங்குதற்கு வேறிடம் வாயாத நாள்களில் புகைவண்டி நிலையங்களின் பயணியர் அறையிலே படுத்துறங்கினர். கொசுக்கடியையும் எலித் தொல்லையையும் பொறுத்தனர். ஒரே நாளில் நாற்பது முறை வரையிலும் டியூப்பில் துளை விழ, அவற்றையெல்லாம் ஒட்டிக்கொண்டு மேற்சென்றனர்.

இத்துணை உறுதி படைத்தவர்களும் ஓரிடத்தில் பின்வாங்கினர். 1898ஆம் ஆண்டுக் கோடையில், சமவெளியின் வெப்பத்தை விட்டு நீங்கி, இமய மலைப்பகுதிக்குச் சென்றனர். அந்தப் பின்வாங்குதலே அவர்களுடைய வாழ்க்கையை மாற்றியது. மலையின்மேல் கொண்ட காதலால் மீண்டும் மீண்டும் அவ்விடம் வந்தனர். 1906ஆம் ஆண்டில் ஃபேனி அம்மையார் ஏறத்தாழ 22,700 அடி உயரமுள்ள சிகரம் ஒன்றில் ஏறினார். அந்நாளில் வேறெந்தப் பெண்மணியும் அத்துணை உயரம் ஏறியதில்லை. 1912இல் சியாச்சின் பனிப்பரப்பிலே, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் தலைப்புடைய செய்தித்தாளை ஏந்தி நின்று படம் எடுத்துக்கொண்டார். ஓராண்டு மலைச்செலவைக் கணவர் முன்னின்று நடத்தினால், அடுத்த செலவை மனைவியார் முன்னின்று நடத்துவது அவர்தம் வழக்கம். எனினும், அவர் எழுதிய நூல் பழங்கோயில்களைப் பற்றிப் பேசும் அளவிற்கு, அக்கோயில்களைச் சூழ வாழ்ந்த மக்களைப் பற்றிப் பேசவில்லை. விருந்தினராய்ச் செல்வோர் கல்லைக் காணும் கண்ணால் மனிதரையும் காணுதல் வேண்டும்.

இனி, கோடை வெப்பம் உடலை எவ்வாறு தாக்குகின்றது என்பதை ஆராய்வோம். நம் உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. மிதிவண்டியை மிதிக்குங்கால், உண்ட உணவிலிருந்து தசைகள் பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றுகின்றது. எஞ்சிய மூன்று பங்கும் வெப்பமாகவே உடலுள் தங்குகின்றது. அதனை வெளியேற்றும் பெருவழி வியர்வையே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாகுமாயின், ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை அது எடுத்துச் செல்லும். எட்டு லிட்டர்த் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு ஏறக்குறைய அவ்வளவு வெப்பம் வேண்டும். வியர்வை எத்துணைப் பெரிய காவல் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சொட்டி வீழ்ந்தால் குளிராது. கடற்கரைப் பகுதியில் காற்று முன்னமே ஈரம் நிறைந்திருத்தலின், வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே, வெப்பமானியிலே ஒரே அளவு காட்டினும், உள்நாட்டு வறண்ட ஊரைக் காட்டிலும் கடலூரில் உடலுக்குத் துன்பம் மிகுதி. இதுபற்றியே இந்திய வானிலைத் துறையினர், சமவெளிக்கு 40 பாகையும் கடற்கரைக்கு 37 பாகையும் எல்லையாகக் கொண்டு, அவ்வெல்லையைத் தொட்ட வெப்பம் இயல்பினும் 4.5 பாகையேனும் மிகும்பொழுது வெப்ப அலை எனக் கூறுகின்றனர்.

மிதிவண்டியில் செல்வோர்க்கு மற்றுமொரு மயக்கம் உண்டு. வண்டி ஓடுங்கால் எதிர்க்காற்று வீசுதலின், வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடுகின்றது. தாம் வியர்க்கவில்லை என்றே அவர்கள் எண்ணுவர். வண்டியை நிறுத்தியவுடன் வியர்வை ஆறாய்ப் பெருகும். அப்பொழுதுதான் உடல் இழந்த நீரின் அளவு தெரியவரும். ஆதலால், தாகம் தோன்றும் வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாக நீர் பருகுதல் வேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குச் சாலை வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கணவனும் மனைவியுமாகிய இருவர், சித்திரைத் திங்களின் கடைப்பகுதியில், கத்திரி வெயில் காயும் நாளில், இவ்வழியே மிதிவண்டியில் செல்லக் கருதுவதாகக் கொள்வோம். அவர்கள் செய்யத்தக்கன யாவை?

முதலாவதாக, வெயிலுக்கு உடலைப் பழக்குதல் வேண்டும். வெப்பத்திற்கு உடல் இணங்குவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே நாள்தோறும் சிறிது தொலைவு ஓட்டிப் பழகுதல் நன்று.

இரண்டாவதாக, பொழுதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். விடியற்காலை நான்கரை மணிக்கு விளக்கேற்றிய வண்டியுடன் புறப்பட்டால், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வீதம் சென்றாலும், ஒன்பது மணிக்குள் சிதம்பரம் அடையலாம். எனினும், விரைந்து அடைதல் செலவின் பயன் அன்று. முதல் நாட்காலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் ஆகிய ஊர்களைக் கடந்து பரங்கிப்பேட்டை வரை சென்று தங்கலாம். வெள்ளாறு கடலொடு கலக்கும் அவ்வூரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கடல்வாழ் உயிரியல் ஆய்வகம் உளது. மறுநாட்காலையில் சிதம்பரம் செல்லலாம். கடலூரை அடுத்துள்ள தொழிற்பேட்டைப் பகுதியில் சரக்கு லாரிகள் மிகுதியாகச் செல்லும். அவ்விடத்தை இருவரும் அருகருகே செல்லாது, ஒருவர்பின் ஒருவராய்க் கடத்தல் வேண்டும்.

புதுச்சத்திரம் என்னும் ஊர்ப்பெயரை நோக்குமின்! வழிப்போக்கர் தங்குதற்குச் சத்திரமும், தாகம் தீர்த்தற்குத் தண்ணீர்ப் பந்தலும், சுமையை இறக்கி வைத்தற்குச் சுமைதாங்கிக் கல்லும், நிழலுக்குப் புளியமரமும் அமைத்த நம் முன்னோரின் அருளுடைமை ஊர்ப்பெயர்களிலே இன்றும் நிலைத்துள்ளது. சாலைகள் அகலமாகுந்தோறும் நிழல்மரங்கள் குறைந்து வருகின்றன. ஆகவே இக்கால வழிப்போக்கர், அடுத்த நிழல் எங்குளது என்பதை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.

மூன்றாவதாக, உணவும் நீரும். வியர்வையுடன் உப்பும் வெளியேறுதலின், வெறும் நீரை மட்டுமே மிகுதியாகப் பருகுதல் போதாது. நீர்மோர், கஞ்சி, பழையசோற்று நீர் ஆகியவற்றை உப்பிட்டு அருந்துதல் தக்கது. இளநீரும் நுங்கும் பானகமும் இவ்வழியில் கோடைக்கு ஏற்றவை. இவை கிடையாதவிடத்து, காய்ச்சி ஆறவைத்த நீர் ஒரு லிட்டரில், சமமாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துப் பருகலாம். உடை வெளிர் நிறத்ததாய், தளர்ந்த பருத்தியாலாகியதாய் இருத்தல் வேண்டும். தலைக்கு மூடியும் இன்றியமையாதது.

நான்காவதாக, தங்கும் கூடாரம். நண்பகலில் மூடிய துணிக் கூடாரம் அடுப்பை ஒக்கும். பகலில் மரநிழலே தக்க இடம். மாலையில் கூடாரம் அமைக்குங்கால், கடற்காற்று புகுமாறு அதன் வாயில் கிழக்கு நோக்கியிருத்தல் நலம். தென்னையின் கீழ் அமைத்தலாகாது. மட்டையும் காயும் வீழும். ஆற்று முகத்து மணலிலும் அமைத்தலாகாது. ஓதம் ஏறினால் நீர் சூழ்ந்துகொள்ளும். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டிலே வனத்துறையின் இசைவின்றித் தங்குதல் கூடாது. பிறர் நிலமாயின் உரியவரிடம் சொல்லி இசைவு பெறுதல் வேண்டும். உலர்ந்த ஓலையும் சருகும் உள்ளவிடத்துத் தீ மூட்டலாகாது. காலையில் மிதியடியை உதறிய பின்னரே காலில் அணிதல் வேண்டும். தேளும் பூரானும் அதனுள் ஒதுங்கியிருத்தல் கூடும்.

வண்டியைப் பேணுதலும் அறியத்தக்கதே. சாலையோரத்துச் சீமைக்கருவேல முள் டயரைத் துளைக்கும். ஆதலின் மாற்று டியூப்பு, ஒட்டுத் துண்டு, பசை, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றைக் கையோடு கொள்ளுக. நிறுத்திய வண்டியை நிழலிலே வைக்க. நண்பகலில் கோயிலின் நடை சாத்தப்பட்டிருக்கும். வெளித்தளத்துக் கல்லும் வெறுங்காலைச் சுடும். ஆகவே தில்லைக் கூத்தப்பெருமான் திருக்கோயிலைக் காலையிலோ மாலையிலோ காண்க. கோபுரங்களில் வடிக்கப்பெற்ற நாட்டியக் கரணங்களின் அழகையும் அப்பொழுதுதான் அமைதியாய் நின்று நோக்கலாம்.

இவை அனைத்தினும் சிறந்த காவல் ஒன்றுண்டு, அதுவே துணை. வெப்பத்தால் தாக்குண்டவர்க்கு முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை தோன்றும். அந்நிலையிலேயே நிழலில் கிடத்தி, நீர் கொடுத்து, ஓய்வு தந்தால் நலம் பெறுவர். கவனியாது விட்டால் உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறி, அறிவு தடுமாறும்; பேச்சுக் குழறும்; உயிருக்கே ஊறு நேரும். இதில் கொடுமை யாதெனின், தடுமாறிய அறிவு தன் தடுமாற்றத்தைத் தான் அறியாது. ‘எனக்கு ஒன்றும் இல்லை, இன்னும் சிறிது தொலைவுதானே!’ என்று கூறி மேலும் மிதிக்கவே அவர் முயல்வார். அருகிலுள்ளவரே அதனைக் கண்டறிதல் வேண்டும். உடனே வண்டியை நிறுத்தி, நிழலிற் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரூற்றி விசிறுக. கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைக்க. நினைவு தடுமாறியவர் வாயில் நீர் ஊற்றலாகாது, மூச்சுக்குழலிற் புகும். 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்து, விரைவில் மருத்துவமனை சேர்க்க.

ஆகவே வேனிற் செலவில் இருவரும் முன்னரே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுதல் வேண்டும். அஃதாவது, இருவருள் எவர் ‘நில்’ என்றாலும் மற்றவர் வினவாது நிற்றல் வேண்டும் என்பதே. கணவன் சொல்லே செல்லும், மனைவி பின்தொடர்வாள் என்னும் வழக்கு இவ்விடத்துத் தீங்கு பயக்கும். வொர்க்மன் இணையர் முறைவைத்துத் தலைமை ஏற்றமையையும், கண்ணகியின் மென்மை கருதிக் கோவலன் பகற்செலவைத் தவிர்த்தமையையும் ஈண்டு நினைவிற் கொள்ளுக. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றனர். இன்று நம் சாலைகளில் பெண்மக்கள் தாமே வண்டியைச் செலுத்திச் செல்கின்றனர். செலவில் பின்னே அமர்ந்து வருபவராக அல்லாமல், வழியைத் தாமும் ஆராய்ந்து கூறும் துணைவராகவே அவர்கள் வருகின்றனர்.

மாணாக்கர்களே! ஊர்களைக் காணச் செல்லுங்கள், மிதிவண்டியிலே செல்லுங்கள். ஆற்றையும் கழியையும் காட்டையும் கோயிலையும், அவற்றிடையே வாழும் மக்களையும் அருகிருந்து காணுதற்கு அதனினும் ஏற்ற ஊர்தி வேறில்லை. ஆயின் ஞாயிறு உச்சியில் நிற்கும்பொழுது நிழலில் அமருங்கள். உடன் வருபவர் முகத்தை அடிக்கடி நோக்குங்கள். அன்றைக்குச் சேரவேண்டிய ஊர் நாளையும் அங்கேயே இருக்கும். அதனை நாளையும் காண்பதற்கு நாம் இருத்தல் வேண்டும்.