மலையே சாமி… மேலே போனால் போட்டோவுக்குத் தடா!

நல்ல வியூ கிடைத்தால் கை தானாக செல்போனைத் தேடும். ஆனால், ஜப்பானின் நாரா மாகாணத்தில் உள்ள மிவா மலையில் அதற்கு அனுமதியே இல்லை. காரணம், அங்கே மலைதான் சாமி!

சகுராய் நகரில், இந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஓமிவா ஆலயம். ஜப்பானின் மிகப் பழைமையான ஷின்டோ ஆலயங்களில் ஒன்று. இங்கே கருவறை கிடையாது. 1664-ல் ஷோகன் டொகுகாவா இயெட்சுனா கட்டிக்கொடுத்த வழிபாட்டு மண்டபம் இருக்கிறது. அதன் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று மரத் தோரணங்கள். அதற்கும் அப்பால் வெறும் காடு. கும்பிடுகிறவர்கள் அந்தக் காட்டைப் பார்த்தே கைதட்டி வணங்குகிறார்கள்.

சாமி மீதே ஏறலாமா? நீண்ட காலம் பொதுமக்கள் ஏற முடியாத மலைதான் இது. இப்போது ஏறலாம், ஆனால் கெடுபிடி அதிகம். பக்கத்திலுள்ள சாய் ஆலயத்தில் பெயர் பதிந்து, 300 யென் கட்டினால், மணி கோத்த வெள்ளைப் பட்டை தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். உயரம் 467 மீட்டர்தான் என்றாலும் பாதை செங்குத்து. தண்ணீர் குடிக்கலாம், சாப்பாட்டுக்குத் தடை. கேமராவும் கூடாது. கல், இலை எதையும் எடுத்துவரக் கூடாது.

இந்த மலை தெய்வமான ஓமோனோநுஷி பற்றி, 720-ல் தொகுக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' நூலில் ஒரு கதை வருகிறது. இரவில் மட்டுமே வந்துபோகும் கணவனின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் ஓர் இளவரசி. ''காலையில் உன் சீப்புப் பெட்டியில் இருப்பேன், பார்த்துப் பயந்துவிடாதே'' என்கிறான் அவன். பெட்டியைத் திறந்தால், உள்ளே ஓர் அழகான குட்டிப் பாம்பு! அவள் அலறிவிட, அவமானப்பட்ட தெய்வம் மிவா மலைக்கே போய்விடுகிறது.

அதனால்தானோ என்னவோ, ஆலயத்தில் பாம்பு வாழ்வதாக நம்பப்படும் பழைய செடார் மரத்தின் முன்னால் பச்சை முட்டைகளைப் படைக்கிறார்கள். கூடவே சாக்கே மதுவும் உண்டு! இவர் மது வடிப்பவர்களின் தெய்வமும்கூட. நவம்பர் 14-ல் நடக்கும் மதுத் திருவிழாவையொட்டி, செடார் இலைகளால் செய்த பெரிய பந்தை மண்டபத்தில் புதிதாகத் தொங்கவிடுவார்கள். ஜப்பான் முழுக்க சாக்கே ஆலைகளின் வாசலில் தொங்குவதும் இதே பந்துதான். பச்சையாக இருந்தால் புது மது தயார் என்று அர்த்தம். நாளாக ஆக, அது பழுப்பாகிவிடும்.

மலை ஏறியவர்கள் மாலை 3 மணிக்குள் இறங்கி, மணிப் பட்டையைத் திருப்பித் தர வேண்டும். மேலே பார்த்ததைக் கீழே யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் அங்கே ஒரு வழக்கம்.