அத்தி பூக்கிறது!

விடுதியில் பாயசம் வைத்தால் 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். தாவரவியல் படிப்பவன் என்ற முறையில் இந்த வழக்கோடு எனக்கொரு பிணக்கு உண்டு நண்பர்களே! அத்தி அபூர்வமாகப் பூப்பதில்லை; ஆண்டில் பல முறை பூக்கிறது. பூவை ஒளித்து வைத்துக் கொள்கிறது, அவ்வளவுதான்.

அடிமரத்தில் கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறதே, அது உண்மையில் காயன்று. உட்பக்கமாகக் குழிந்து வாய் மூடிக் கொண்ட ஒரு மஞ்சரி. பச்சையாக இருக்கும்போது பிளேடால் அறுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். உட்சுவர் முழுவதும் நுண்மலர்கள்! நாம் தேடிய அத்திப்பூ அதுவே.

என் அப்பா பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஒரு நாள் பழத்தைப் பிட்டபடி, "ஓட்டையே இல்லாத பழத்துக்குள்ள பூச்சி எப்படிடா போச்சு?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பதில் சொல்லாமல் தப்ப முடியுமா? இக்கட்டுரை அப்படிப் பிறந்ததுதான்.

பழத்தின் நுனியில் செதில்கள் அடைத்த ஒரு நுண்துளை உண்டு. ஏறக்குறைய எள்ளளவே உள்ள ஒரு பெண் குளவி, அத்தியின் மணத்தை மோப்பம் பிடித்து வந்து அதன் வழியே நுழைகிறது. வழி அத்தனை குறுகல் என்பதால் இறக்கைகள் பிய்ந்து விழுகின்றன. இனித் திரும்புவதற்கில்லை. உள்ளே சூல்தண்டு குட்டையான மலர்களில் முட்டையிடுகிறது. நீண்ட சூல்தண்டு உள்ள மலர்களில் பெரும்பாலும் அதன் முட்டைக்குழல் சூலகத்தை எட்டுவதில்லை. எட்டாதவை விதையாகின்றன. ஏனெனில் வரும்போதே அக்குளவி தன் மார்பிலுள்ள பைகளில் வேறொரு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டு வந்து தூவிவிடுகிறது. பின் அங்கேயே மடிகிறது.

சில வாரங்களில் குஞ்சுகள் வளர்கின்றன. முதலில் வெளிவருபவை ஆண்கள். அவற்றிற்கு இறக்கையே கிடையாது. பெண்கள் இன்னும் கூட்டுக்குள் இருக்கும்போதே அவற்றுடன் கூடிவிட்டு, சுவரைக் குடைந்து வழி அமைத்துக் கொடுக்கின்றன. அத்துடன் அவற்றின் வாழ்வு முடிகிறது. பெண்கள் மகரந்தத்தை நிரப்பிக் கொண்டு அவ்வழியே பறக்கின்றன. அத்திக்கு இக்குளவியன்றி மகரந்தச் சேர்க்கை இல்லை. குளவிக்கு அத்தியன்றி வம்சம் இல்லை. இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த 3 கோடியே 40 லட்சம் ஆண்டுப் பழமையான புதைபடிவக் குளவி, இன்றைய அத்திக் குளவியைப் போலவே இருப்பதாக 2010-இல் அறிவித்தனர்.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. துருக்கியின் ஸ்மிர்னா அத்தியைக் கலிபோர்னியாவில் நட்டார்கள். மரம் வளர்ந்தது, காய்களோ பழுக்காமல் உதிர்ந்தன. 1899-இல் குளவியையும் கொண்டு வந்து நிலைபெறச் செய்த பிறகே பழம் கிடைத்தது! (கடையில் விற்கும் சீமை அத்தி வகைகள் பல, குளவி இல்லாமலே பழுக்கும். அது வேறு கதை.)

இத்தனையும் கேட்ட அப்பா, "அப்போ அந்தப் பூச்சிக்கு உடனே இன்னொரு மரம் வேணுமே?" என்றார். பாடப் புத்தகத்தில் நான் தாண்டிச் சென்ற இடம் அது! ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் முதிர்வதால், பறந்து வரும் குளவிக்குத் தாய்மரத்தில் இடமில்லை. அதன் ஆயுளோ ஓரிரு நாள். அதற்குள் சரியான பருவத்தில் வேறொரு மரம் அகப்பட வேண்டும். ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலையில் அத்திக் குளவிகள் காற்றில் மிதந்து 160 கிலோமீட்டர் தொலைவு வரை மகரந்தத்தைச் சேர்ப்பதாக 2009-இல் கண்டறிந்தனர். ஆனால் எல்லாக் குளவிக்கும் அக்காற்று வாய்க்குமா? ஓடைக்கரையில் ஓர் அத்தியை வெட்டும்போது, அந்த மாதத்திற்கு இருந்த ஒரே புகலிடத்தை வெட்டியதாகவும் ஆகலாம். பழத்தை நம்பிய வௌவாலும் குயிலும் அதன் பின்னால் நிற்கின்றன.

எங்கள் ஊர் ஓடைக்கரையில் இப்போது நான்கு அத்தி மரங்கள் உள்ளன. எது எந்த மாதம் காய்க்கிறது என்று அப்பா பார்த்துச் சொல்ல, நான் நோட்டில் குறித்து வருகிறேன்.