முடிவு நல்லதாக இருக்கட்டும்
நோயுற்றோரும் உடனிருப்போரும் படிக்கச் சில காதல், குடும்ப நாவலாசிரியர்கள்

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் படியேறி வருவோரின் கைகளைக் கவனித்தால் சாத்துக்குடி, இளநீர், வெந்நீர் நிறைந்த ஃபிளாஸ்க், வீட்டிலிருந்து குழைய வடித்து வந்த ரசஞ்சாதம் ஆகியவை தென்படும். சிலருடைய பையின் அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு மாத நாவலும் இருக்கும். படுக்கையில் இருப்பவர் அதை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வார். சுற்றுக்கு வரும் மருத்துவர் கண்ணில் பட்டுவிட்டால், "சும்மா, பொழுதுபோக்கு" என்று சற்று நாணத்துடன் சொல்வார்.

அந்த நாணம் தேவையற்றது என்பதே இக்கட்டுரையின் முதற்செய்தி. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவிலும், ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பகலிலும் மனம் கனமான நூல்களில் நிலைப்பதில்லை. எளிய நடையும் தெரிந்த வீட்டுச் சூழலும் இணையப்போகும் இருவரும் உள்ள கதையில் அது சிறிது நேரமேனும் தங்கும். கதை நோயைக் குணமாக்கும் என்று நாம் கூறவில்லை. மருந்துக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட நீண்ட நேரத்தைக் கடக்க அது துணை நிற்கும். அவ்வளவே.

நான் செய்த ஒரு தவறு

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். மயிலாப்பூரில் வளர்ந்தவர், வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த தலைமுறை. அவருக்குப் பிடிக்குமென்று லஸ் முனை நடைபாதைக் கடையில் நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' நாவலின் பழைய பிரதி ஒன்றை வாங்கிச் சென்றேன். மணிவண்ணன் என்ற புனைபெயரில் 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது தமிழ்நாட்டையே ஆட்கொண்ட கதை அது. அதன் நாயகன் அரவிந்தன், நாயகி பூரணி ஆகியோரின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிய பெற்றோர் பலர்.

அம்மா அட்டையைப் பார்த்தார். "அரவிந்தன் செத்துப்போவானேப்பா. அப்போ படிச்சுட்டு ரெண்டு நாள் அழுதேன். இப்போ வேண்டாம். எல்லாரும் உயிரோட இருக்கிற கதையா ஒண்ணு கொண்டு வா" என்றார்.

நூலின் தரத்தை எண்ணிய நான், அதைப் படிக்கப்போகிறவர் எந்த நிலையில் படுத்திருக்கிறார் என்பதை எண்ணவில்லை. மறுநாள் லக்ஷ்மியின் நாவல் ஒன்றைக் கொண்டு சென்றேன். அம்மா முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்தியுற்று, பிறகு முதற்பக்கத்திலிருந்து தொடங்கினார். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது குற்றமென்று இளமையில் என்னைக் கண்டித்தவரும் அவரே.

புதிதாகத் தொடங்குவோர்க்கு

தமிழில் காதல் நாவல் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வரும் பெயர் ரமணிசந்திரன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். 'வளை ஓசை', 'வெண்ணிலவு சுடுவதோ', 'மயங்குகிறாள் ஒரு மாது' ஆகியன பலமுறை மறுபதிப்புக் கண்டவை. தன்மானமுள்ள ஒரு பெண், வசதியும் முன்கோபமும் கொண்ட ஓர் ஆண், இருவருக்கும் இடையே ஒரு தவறான எண்ணம், அது விலகும் தருணம் என்பதே பெரும்பாலும் அவர் கதைகளின் போக்கு. முடிவு என்னவாகும் என்பது வாசகர்க்கு முன்னரே தெரியும். எவ்வாறு அங்குச் சென்று சேர்வார்கள் என்பதே சுவை. நோயாளிக்கு இதில் ஒரு வசதி உண்டு. மயக்க மருந்தின் அசதியில் நான்கு பக்கம் நழுவினாலும் கதை கைவிட்டுப் போகாது. கூச்சமூட்டும் வருணனைகள் இல்லாமையால் பேத்தி பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டலாம்.

அவர் வழியில் எழுதிய முத்துலட்சுமி ராகவன், காஞ்சனா ஜெயதிலகர் ஆகியோரின் நூல்களும் புதிய வாசகர்க்கு ஏற்றவை. தமிழ் எழுத்துப் பழக்கமில்லாது ஆங்கிலத்தில் மட்டுமே படிக்கும் பிள்ளைகள் உடனிருந்தால், சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் வெளியிட்ட தமிழ் வெகுசன இலக்கியத் தொகுப்பை அவர்களுக்குச் சொல்லலாம். ரமணிசந்திரனின் படைப்பும் அதில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. தாய் தமிழிலும் மகள் ஆங்கிலத்திலுமாக ஒரே எழுத்தாளரைப் பற்றிப் பேசிக்கொள்ள அது வழி செய்யும்.

மருத்துவராக இருந்த நாவலாசிரியர்

மருத்துவமனை இதழில் தனியிடம் பெறத் தக்கவர் லக்ஷ்மி (1921–1987). இயற்பெயர் திரிபுரசுந்தரி. திருச்சி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர். கல்விச் செலவுக்குப் பணம் போதாத நிலையில் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். எஸ். வாசனை அணுகி, கதை எழுதி அந்த ஊதியத்தில் மருத்துவம் படித்து முடித்தார். பகலில் உடற்கூறும் இரவில் தொடர்கதையுமாக வாழ்ந்த அந்த மாணவியை, இன்று வார்டுகளில் நடமாடும் இளம் மருத்துவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். பின்னர்ப் பல்லாண்டு தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து, தாயகம் திரும்பியும் எழுதினார்.

'காஞ்சனையின் கனவு', 'பெண் மனம்', 'மிதிலா விலாஸ்' ஆகியன அவருடைய புகழ்பெற்ற நாவல்கள். முதலாவது 1952-இல் 'காஞ்சனா' என்னும் திரைப்படமாகவும், இரண்டாவது 1963-இல் சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நடித்த 'இருவர் உள்ளம்' என்னும் திரைப்படமாகவும் வந்தன. படம் பார்த்த முதியோர்க்கு நாவலைக் கொடுத்தால் பேச்சு தானே வளரும். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர் கதைகளில் காதல், குடும்பக் கடமையோடு மோதி அதிலேயே பக்குவம் அடைகிறது. பெண்ணுக்குக் கல்வியும் சொந்த வருவாயும் வேண்டும் என்ற உறுதி ஒவ்வொன்றிலும் அடிநாதமாக ஒலிக்கிறது.

நெடுநாள் வாசகர்க்கு

நாற்பது ஆண்டுகளாகப் படித்துவருவோர் "இதெல்லாம் தெரிந்த கதைதானே" என்பர். அவர்கள் பின்னோக்கிச் செல்லலாம். திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை. மு. கோதைநாயகி (1901–1960) நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதியவர். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர். எழுதப் பழகாத தொடக்க நாளில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். அவ்வாறு பிறந்ததே 'இந்திர மோகனா' என்னும் நாடகம். கையில் ஊசி ஏறியிருப்பதால் எழுத முடியாதோரும் கண் அறுவைக்குப் பின் படிக்க இயலாதோரும் இதை நினைவிற் கொள்ளலாம். கதைக்குக் கையும் கண்ணும் இரவலாகக் கிடைக்கும்.

அமைதியான கூட்டுக்குடும்பச் சூழலை விரும்புவோர்க்கு அனுத்தமா (1922–2010). 'மணல் வீடு', 'கேட்ட வரம்' ஆகியவற்றில் தீயவர் என்று எவரையும் எளிதில் சுட்டிவிட முடியாது. மனிதர் நல்லவர்களாகவே இருந்தும் துன்பம் எவ்வாறு நேர்கிறது என்பதை அவர் மென்மையாகக் காட்டுவார்.

ஆர். சூடாமணி (1931–2010) மனத்தின் நுண்ணிய அசைவுகளை எழுதியவர். சிறுகதைகளால் புகழ்பெற்ற அவருடைய 'மனத்துக்கு இனியவள்' நாவலும் படிக்கத் தக்கது. சென்னையில் ஆரவாரமின்றி வாழ்ந்து, தம் சொத்தைக் கல்விக்கும் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கும் உதவும் அறநிறுவனங்களுக்கு எழுதி வைத்துச் சென்றவர் அவர். அவரைப் படித்தறியாத நோயாளிகளுக்கும் அவருடைய அன்பு மருந்தாகச் சென்று சேர்ந்திருக்கிறது.

ஆண் வாசகர் பலர் காதல் நாவல் தமக்கன்று என எண்ணுகின்றனர். அவர்களிடம் பாலகுமாரனை (1946–2018) நீட்டிப் பாருங்கள். மயிலாப்பூர்வாசியான அவர் 'மெர்க்குரிப் பூக்கள்' நாவலில் தொழிற்சாலைப் போராட்டத்தையும் 'இரும்பு குதிரைகள்' நாவலில் லாரித் தொழிலையும் பின்புலமாக்கி, ஆண் பெண் உறவின் சிக்கல்களைப் பேசினார். அகிலனின் 'பாவை விளக்கு', கல்கியின் 'கள்வனின் காதலி' ஆகியவையும் நெடுநாள் வாசகர் மறுமுறை திறக்கத் தக்கவை. ஆனால் 'கள்வனின் காதலி' துயரில் முடிவது.

கொடுக்குமுன் முடிவை அறிக

முன்னர்க் கூறிய என் தவற்றை மற்றவர் செய்யாதிருக்க ஒரு குறிப்பு. சிவசங்கரியின் 'நண்டு' சிறந்த நாவல். 1981-இல் இயக்குநர் மகேந்திரன் அதைப் படமாக்கினார். அதன் கரு புற்றுநோய். கேன்சர் என்ற சொல்லுக்கு லத்தீன் மொழியில் நண்டு என்பதே பொருள். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்தோர் சிலருக்கு அக்கதை ஆறுதல் தரக்கூடும். முதல் வாரச் சிகிச்சையில் இருப்பவர்க்கு, அவரே கேட்டாலன்றி, கொடுக்க வேண்டா. அவர் கேட்டால் மறுக்கவும் வேண்டா. எதைத் தாங்கலாம் என்பதை நோயுற்றவரே அறிவார்.

நல்ல முடிவை நாடுவது பலவீனம் அன்று. ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் 1915-இல் முதல் உலகப் போரில் தம் ஒரே மகனை இழந்தார். பின்னாளில் அவர் மனைவிக்கும் மகளுக்கும் உரக்கப் படித்துக் காட்டியவை, நூறாண்டுக்கு முன் மறைந்த ஜேன் ஆஸ்டினின் திருமணக் கதைகள். பதுங்குகுழியில் ஆஸ்டினைப் படித்து ஆறுதல் பெறும் போர்வீரர்களைப் பற்றி 1924-இல் ஒரு சிறுகதையும் எழுதினார். ஊர் வேறாயினும் துயருற்றோர் தேடுவது ஒன்றே: தவறுகள் திருத்தப்படும், பிரிந்தோர் கூடுவர் என்ற உறுதி.

எங்கே கிடைக்கும்?

அருணோதயம் பதிப்பகம் இராயப்பேட்டை கௌடியா மடம் சாலையிலிருந்து பல்லாண்டாகக் குடும்ப நாவல்களை வெளியிட்டு வருகிறது. ரமணிசந்திரன் நூல்கள் அதன் வெளியீடாகவே பெரும்பாலும் கிடைக்கும். தியாகராய நகர் தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகமும், வடக்கு உஸ்மான் சாலையில் நியூ புக் லேண்ட்ஸ் கடையும் உள்ளன. விலைக்கு வாங்க விரும்பாதோர், 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூல் நிலையத்தையோ, அண்ணா சாலையில் உள்ள தேவநேயப் பாவாணர் நூலகத்தையோ நாடலாம். அடையாற்றை அடுத்த கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வைக் குறைபாடுடையோர்க்கெனப் பிரெய்ல் பிரிவும் உண்டு.

படுக்கையில் படிப்போர் கவனத்திற்கு

கனமான கெட்டி அட்டைப் பதிப்பை மல்லாந்து படுத்தபடி தாங்குவது கைக்கும் கழுத்துக்கும் வலி தரும். மெல்லிய மாத நாவலே ஏற்றது. ஆனால் எழுத்து பொடியாக இருப்பின் கண் களைக்கும். வீட்டிலிருந்து படிக்கும் கண்ணாடியைக் கொண்டுவர மறவாதீர்கள்.

வேதிச்சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும் தூசும் பூஞ்சையும் படிந்த பழைய நூல்களைத் தவிர்ப்பது நன்று. புதிய பிரதியோ கைப்பேசியில் படிப்பதோ அவர்களுக்குப் பொருந்தும். ஐயமிருப்பின் மருத்துவரையோ செவிலியரையோ கேளுங்கள்.

கண் அறுவை செய்துகொண்டோர் மருத்துவர் கூறும் வரை படிக்காமல், பிறர் படிக்கக் கேட்கலாம். ஒருமுறை பத்து நிமிடம் போதும். அடுத்த படுக்கையில் இருப்பவர்க்கு இடையூறு நேராதவாறு குரல் தாழ்ந்திருக்கட்டும். அவரும் கதை கேட்கிறார் எனத் தெரிந்தால், சற்று உயர்த்தியே படியுங்கள்.

என் தாயார் ஆறாம் வாரம் நடைச்சட்டம் பிடித்து எழுந்து நின்றார். வீடு திரும்பும் நாளில், படித்து முடித்த ஐந்து நாவல்களையும் எதிர்ப்படுக்கை அம்மையாரிடம் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் முதல் தாளிலும் பென்சிலால் ஒரே குறிப்பை எழுதியிருந்தார்: "தைரியமாகப் படிக்கலாம். முடிவு நல்லபடி."

இல்லம் திரும்பும்போது நீங்களும் படித்து முடித்த நூலை அடுத்தவர்க்கு விட்டுச் செல்லலாம். முதல் தாளில் அப்படியொரு வரியும் எழுதி வைத்தால், அதை எடுப்பவர் கடைசிப் பக்கத்தைத் தேட வேண்டியிராது.