மேக்கில் விண்டோஸ் விமானம் எழும்புமா?

போன கிழமை எபிசோட்டில் நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுறன். "அண்ணா, என்ர மேக்கில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓடுமா?" எண்டு கேட்ட எல்லாரும், முதலில் உங்கட மேக்கில் என்ன சிப் எண்டு பாருங்கோ.

இன்டெல் எண்டால் வழி இருக்கு. பூட் கேம்ப் மூலம் டிஸ்க்கைப் பிரிச்சு விண்டோஸ் 10 போடலாம். ஆனால் 2020 பதிப்புக்கே 150 ஜிபி இடம் கேட்கும். 256 ஜிபி மேக் எண்டால் மூச்சு முட்டும்.

எம்1 சிப்பும் அதுக்குப் பிறகு வந்ததுகளும் எண்டால் பூட் கேம்ப் இல்லை. இதை விசாரிக்காமல் நான் ஒரு வெர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்கு ஒரு வருசக் காசு கட்டினன். விண்டோஸ் வடிவாத் திறந்தது. விமானம் ஓடுபாதையைக் காணவேயில்லை. ஏன்? கேம் எழுதப்பட்டது இன்டெல் வகைச் சிப்புக்கு. அந்தக் கட்டளைகளை ஆர்ம் சிப்புக்கு மாத்தவேணும். பிறகு படம் வரையிற டைரக்ட்எக்ஸை ஆப்பிளின் மெட்டலுக்கு மாத்தவேணும். ரெண்டு மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைச்சு அம்மம்மாவோட போனில் கதைக்கிற மாதிரி.

இப்ப நான் கேம்பேடை இணைச்சு, பிரவுசரில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங்கைத் திறக்கிறன். மாதச் சந்தாவும் நல்ல இணையமும் வேணும். ஊர் சுத்திப் பார்க்கப் போதும். தரையிறக்கேக்கதான் கஷ்டம், நான் இழுத்துக் கொஞ்சம் கழிச்சுத்தான் மூக்கு நிமிரும்.

ஒழுங்காப் பறக்கப் பழகவேணும் எண்டால் எக்ஸ்-பிளேன் 12 மேக்கிலேயே நேரா ஓடும். டெமோ இலவசம். எதுக்கும் காசு கட்ட முதல் அதைப் போட்டுப் பாருங்கோ.