குழந்தையின் திடீர் மரணம்: இயற்கையா, சித்திரவதையா? மருத்துவர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள்?

ஜொகூரில் பராமரிப்பாளர் வீட்டில் ஒரு குழந்தை இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "கட்டிலிலிருந்து விழுந்துருச்சு" என்கிறார் அவர். போலீஸ் முதலில் அதைத் திடீர் மரணம் என்று பதிவு செய்கிறது. சில நாள்களில் அது கொலை வழக்காகவும் மாறலாம். இடையில் என்ன நடக்கிறது?

குடும்பம் சவப் பரிசோதனையை மறுக்கலாமா?

முடியாது. மரணத்தில் சந்தேகம் இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 330-ஆவது பிரிவின் கீழ் போலீஸ் உடலை அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பலாம். குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை.

மருத்துவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

பெரியவர்கள் சொல்லும் கதையும் உடலில் உள்ள காயமும் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

எலும்பு: உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுக்கப்படும். ஆறத் தொடங்கிய பழைய முறிவும் புதிய முறிவும் சேர்ந்து இருந்தால், எல்லாமே ஒரே நாளில் நடந்ததல்ல. முதுகுப் பக்க விலா எலும்பு முறிவு, மார்பை இறுக்கிப் பிடித்ததைக் காட்டலாம்.

தலை: மூளையைச் சுற்றியும் விழித்திரையிலும் ரத்தக்கசிவு உள்ளதா என்று பார்ப்பார்கள்.

தோல்: ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலில் காயம் சகஜம். தவழக்கூடத் தெரியாத குழந்தையின் காதிலோ கழுத்திலோ கன்றிப்போயிருந்தால் அப்படி விட்டுவிட முடியாது.

1946-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கேஃபி, மண்டைக்குள் ரத்தக்கசிவு இருந்த ஆறு குழந்தைகளின் எலும்புகளிலும் முறிவுகள் இருந்ததைப் பதிவு செய்தார். அவை அடியால் வந்தவை என்று மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேச 1962 வரை ஆனது.

ஒரே ஒரு தடயம் போதுமா?

போதாது. நம் குழந்தைகள் பலருக்கு இடுப்பில் பிறவியிலேயே இருக்கும் நீலநிறப் படை, அடிபட்ட கன்றல் போலவே தெரியும். எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோயும், ரத்தம் உறையாத நோயும் உண்டு. தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் மரணத்தையும் மூச்சுத்திணறடித்த கொலையையும் சவப் பரிசோதனையால் மட்டும் பிரித்தறிவது கடினம். அதனால்தான் ரத்தம், கிருமித்தொற்று, நச்சுப் பொருள், மரபணு ஆகிய சோதனைகளோடு குழந்தை படுத்திருந்த இடமும் ஆராயப்படுகிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் கேத்லீன் ஃபோல்பிக், தன் நான்கு குழந்தைகளின் மரணத்துக்காக 2003-இல் தண்டிக்கப்பட்டார். மரணத்துக்கு இயற்கைக் காரணம் இருந்திருக்கலாம் என்று மரபணு ஆய்வுகள் காட்டின. 20 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு, 2023-இல் அந்தத் தீர்ப்புகள் ரத்தாயின.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

பரிசோதனை முடிவு வரும் முன் வாட்ஸ்அப்பில் யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். ஆனால், உயிரோடு இருக்கும் பிள்ளை மீது சந்தேகமான காயங்களைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள். நிரூபிக்கும் வேலை உங்களுடையது அல்ல. நியாயமான சந்தேகம் இருந்தாலே தாலியான் காசே 15999-க்கு அழைக்கலாம். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி மருத்துவர், குடும்ப உறுப்பினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோர் புகார் செய்தே ஆக வேண்டும். சித்திரவதைக்கு 20 ஆண்டு வரை சிறை, 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எக்ஸ்ரேயில் தெரியும் பழைய முறிவு, அந்தக் குழந்தை முன்பே வலியில் அழுதிருக்கும் என்பதையும் சொல்கிறது. அந்த அழுகை அக்கம்பக்கத்தில் யாருக்காவது கேட்டிருக்கலாம்.