மறையும் ஒளியைச் சேர்த்து வைக்கும் கலை

இருண்ட வானில் மலரும் வாணப்பூ ஓரிரு நொடிகளில் உதிர்ந்து போகிறது. நம் கண் அதன் ஒவ்வொரு கணத்தையும் தனித்தனியே காண்கிறதேயன்றி முழு வடிவத்தையும் ஒருசேரக் காண்பதில்லை. டிஜிட்டல் கேமராவின் ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைப்போமாயின், பொறி ஒவ்வொன்றும் சென்ற வழி முழுவதும் ஒளிக்கோடாகப் படத்தில் பதிந்துவிடும்.

இக்கலைக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று இத்தாலியின் வெனிஸ் நகரம். 1575-ஆம் ஆண்டு தொடங்கிய கொள்ளைநோய் அங்கே பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. நோய் நீங்கினால் மீட்பருக்கு ஆலயம் எழுப்புவதாக 1576-இல் அந்நகர ஆட்சி மன்றம் நேர்ச்சை செய்தது. பல்லாடியோ என்னும் சிற்பி வகுத்த அவ்வாலயம் 1592-இல் நிறைவுற்றது. அந்த நன்றித் திருவிழா இன்றும் ஜூலை மாத மூன்றாம் ஞாயிறன்று நடைபெறுகிறது. முந்தின நாள் இரவு, புனித மாற்கு சதுக்கத்தின் எதிரே விரியும் நீர்ப்பரப்பின்மீது வாணவேடிக்கை நிகழும். மக்கள் குடும்பம் குடும்பமாகப் படகுகளில் அமர்ந்து உணவருந்தியவாறே அதனைக் கண்டு களிப்பர்.

படகு விருந்துக்கு ஏற்றதே; படத்துக்கு ஏற்றதன்று. அலையின் சிற்றசைவும் ஒளிக்கோட்டை நெளியச் செய்துவிடும். ஆதலின் கல் பாவிய கரையில் முக்காலியை ஊன்றுதலே நன்று. வானத்தை மட்டும் எடுத்தால் அது எவ்வூர் என்று விளங்காது. ஆலயங்களின் குவிமாடங்களும் நீரில் விழும் ஒளியும் படத்தில் இடம்பெற வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. அளவு 100, துவாரம் எஃப் 8 முதல் எஃப் 11 வரை, நேரம் 2 முதல் 8 நொடிகள். தொடக்கத்திற்கு இவை போதும். தொலைவிலுள்ள விளக்கொன்றில் முன்னதாகவே குவியம் வைத்து, தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட வேண்டும். முக்காலியில் இருக்கும்போது நடுக்கம் தடுக்கும் அமைப்பும் வேண்டா. வாணம் மேலெழும்போது ஷட்டரைத் திறந்து, பூ உதிர்ந்ததும் மூடுவதற்குப் 'பல்ப்' என்னும் அமைப்பு உதவும். கையால் அழுத்தாமல் கம்பி விசையால் இயக்கினால் கருவி அசையாது.

வாணத்தின் சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தாலும், பச்சை பேரியத்தாலும், நீலம் செம்பினாலும் பிறப்பவை. ஒளி மிகுதியானால் இந்நிறங்களெல்லாம் வெளுத்துப்போகும். ஆகவே, பல வாணங்கள் ஒருங்கே வெடிக்கும் இறுதிக் கட்டத்தில் துவாரத்தைக் குறுக்கவோ நேரத்தைச் சுருக்கவோ வேண்டும். அதற்குள் புகையும் திரண்டுவிடும் என்பதால், தெளிவான படங்கள் பெரும்பாலும் முதற் சில நிமிடங்களிலேயே கிட்டும். காற்று நம் முதுகுப் புறமிருந்து வீசும் இடத்தைத் தேர்ந்துகொண்டால் புகை அப்பால் விலகிச் செல்லும்.

2020-ஆம் ஆண்டு மற்றுமொரு கொள்ளைநோய் பரவியபோது, அவ்வாண்டின் வாணவேடிக்கை கைவிடப்பட்டது. எந்த விழாவும் ஆண்டுதோறும் தவறாது வரும் என்று எண்ணியிருப்பதற்கில்லை. கம்பி விசை கையிலிருக்கும்போது கருவிக்குள் கண்ணைப் புதைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஷட்டர் திறந்திருக்கும் அந்தச் சில நொடிகளிலேனும் தலைநிமிர்ந்து, அருகில் நிற்கும் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் வானத்தைக் காண்போமாக.