கண்ணீரை மறைக்காத புத்தகங்கள்

கிறிஸ்தவ மிஷனரிமாரின் வாழ்க்கை வரலாறுகள் நம்மில் பலருக்குப் புதியவை அல்ல. சிறு வயதில் ஞாயிறு பாடசாலையில் பரிசாகக் கிடைத்திருக்கும். தேவாலய அலுமாரியிலோ பாடசாலை நூலகத்திலோ கண்டிருப்போம். துக்கம் நடந்த வீட்டுக்குப் போகிறவர்கள், ஆறுதலாக இருக்கட்டும் என்று இப்படியான ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு வருவதும் உண்டு.

கொடுப்பவரின் எண்ணம் நல்லதுதான். ஆனால் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடமோ, காணாமற்போன மகனைத் தேடி அலையும் ஒரு தாயிடமோ, "இந்த அம்மாவைப் பாருங்கோ, எவ்வளவு இழந்தும் கலங்கவில்லை" என்று சொல்லிப் புத்தகத்தை நீட்டினால், அது அவள் காதில் வேறுவிதமாகவே விழும். 'நீ அழுவது பிழை' என்று விழும். இருக்கிற பாரத்தின் மேல் இன்னுமொரு பாரம் ஏறிவிடும். ஆகவே இந்தப் புத்தகங்களில் எதை வாசிப்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சற்று யோசிக்கத்தான் வேண்டும்.

இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அந்தப் புத்தகத்தில் அழுகைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதிக் கதையும் முழுக் கதையும்

வில்லியம் கேரியின் பெயரைக் கேள்விப்படாத திருச்சபை இல்லை. 1793இல் இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்குப் போனவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து, பல இந்திய மொழிகளில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். அவரைப் பற்றிய நூல்கள் ஏராளம். அவருடைய மனைவி டொரதியைப் பற்றி அவற்றிற் பல ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்ளும். கணவனின் பணிக்குத் தடையாக இருந்த பெண் என்று எழுதியவர்களும் உண்டு.

நடந்தது என்ன? டொரதி எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். இரண்டு பெண் குழந்தைகளை இங்கிலாந்திலேயே புதைத்தவர். இந்தியாவுக்கு வரமாட்டேன் என்று முதலில் உறுதியாக மறுத்தார். பிறந்து சில வாரங்களேயான குழந்தை கையில் இருந்தபோது மீண்டும் வற்புறுத்தப்பட்டார். தன் சகோதரியும் கூட வந்தால் வருகிறேன் என்று சொல்லிக் கப்பல் ஏறினார். 1794இல் ஐந்து வயது மகன் பீற்றர் வயிற்றுளைவு நோயால் இறந்தான். அதன்பின் டொரதியின் மனம் பேதலித்தது. அவரைச் சில காலங்களில் அறைக்குள் பூட்டி வைக்க வேண்டியும் இருந்தது. 1807இல் அவர் இறக்கும்வரை அந்த நோய் மாறவில்லை. மொழிபெயர்ப்பு வேலை அதே வீட்டில்தான் நடந்துகொண்டிருந்தது.

1992இல் ஜேம்ஸ் பெக் என்பவர் டொரதியின் வாழ்க்கையைத் தனி நூலாக எழுதினார். கேரியின் வரலாற்றை வாசிக்கிறவர்கள் இதையும் அறிந்து வாசிப்பது நல்லது. கேரி செய்த வேலையின் பெறுமதி இதனால் குறைந்துவிடாது. அந்த வேலைக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது நமக்கு விளங்கும். இழப்பினால் மனம் உடைவது விசுவாசக் குறைவோ குணக் கேடோ அல்ல, ஒரு நோய் என்பதும் விளங்கும். அத்தகைய நோயோடு ஒரு சகோதரி நம் அயலில் இருந்தால், அவளைப் பார்க்கும் நம் பார்வையும் மாறக்கூடும்.

பிள்ளைகளோடு நடந்த பெண்

கிளாடிஸ் எயில்வேர்ட் லண்டனில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தவர். சீனாவுக்கு ஊழியத்துக்குப் போக விரும்பினார். படிப்பு போதாது என்று மிஷன் சங்கம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர் தன் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேமித்து, 1930களின் தொடக்கத்தில் ரயிலில் புறப்பட்டுப் போனார். சீனாவில் பெண் பிள்ளைகளின் பாதங்களை இறுகக் கட்டும் வழக்கத்தை அரசு தடைசெய்திருந்தது. ஊர் ஊராகச் சென்று அந்தச் சட்டம் நடைமுறையில் உள்ளதா என்று பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஜப்பானியப் படை நெருங்கியபோது, 1940இல், சுமார் 100 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைகளைக் கடந்து நடந்தார். மஞ்சள் ஆற்றங்கரையில் படகு இல்லாமல் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பத்திரமான இடத்தில் சேர்த்த பிறகு அவரே கடுங்காய்ச்சலில் விழுந்தார்.

1995இலும் 2009இலும் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்த நம்மவர்களுக்கு இது தூரதேசத்துக் கதையாக இராது. பசித்த பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாத தாயின் நிலை நமக்குத் தெரியும். இதை வாசித்துச் சிலருக்கு நெஞ்சு ஆறும். சிலருக்கு அன்றிரவு நித்திரை போய்விடும். கூட்டிவந்த பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்கள் என்ற இடத்தில், தன் பிள்ளையைப் பாதையில் இழந்தவளின் மனம் என்ன பாடுபடும்? ஆகவே இந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போது, "நடையைப் பற்றிய பகுதி ஒன்று வருகிறது, இப்போது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இன்னுமொரு விடயம். அலன் பேர்ஜஸ் அவருடைய கதையை 1957இல் நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே அது ஆங்கிலத் திரைப்படமாக வந்தது. படத்தில் சேர்க்கப்பட்ட காதற் காட்சிகளைக் குறித்துக் கிளாடிஸ் மிகவும் மனம் நொந்தார். தன் வாழ்க்கையைப் பிறர் தம் விருப்பப்படி மாற்றிச் சொல்வது எவருக்கும் வலிக்கும். ஆகையால் படம் பார்த்தவர்கள் நூலையும் வாசிக்க வேண்டும்.

நம் மண்ணில் வாழ்ந்தவர்கள்

ஹரியற் வின்சிலோ அமெரிக்காவிலிருந்து கணவருடன் யாழ்ப்பாணம் வந்தவர். பெண் பிள்ளை எழுத்துப் படிப்பதை வெட்கமாக எண்ணிய காலத்தில், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெற்ற பிள்ளைகளில் சிலரைப் பறிகொடுத்தார். 1833இல், 36 வயதில், உடுவிலிலேயே காலமானார். அவரது வரலாற்றைக் கணவர் மைரன் வின்சிலோ எழுதி 1835இல் வெளியிட்டார். தமிழ் - ஆங்கில அகராதியால் நாம் அறிந்த வின்சிலோ இவர்தான்.

1840இல் வந்த எலைசா அக்னியூ திருமணம் செய்யாதவர். உடுவில் பாடசாலையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்தார். ஒருமுறையேனும் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தாயையும் மகளையும் பேத்தியையும் படிப்பித்த ஆசிரியை அவர். 1883இல் யாழ்ப்பாணத்திலேயே கண்மூடினார்.

இவர்களைப் பற்றி வாசிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள். அந்த வகுப்பறையில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எங்கே? அந்நாளில் அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் விருப்பப்படி பல பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. அவர்கள் வீட்டில் வைத்த பெயர் பல நூல்களில் இல்லை. கல்வி தந்த நன்மையையும் மறுக்க வேண்டாம். போன பெயரையும் மறக்க வேண்டாம்.

இந்தக் குறையை ஓரளவு நிரப்பும் புத்தகம் ஒன்று உண்டு. அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டில் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் எழுதியது. அவர் எழுதியது தன் கதையை அல்ல, தன்னோடு உழைத்த பொன்னம்மாளின் கதையை. இளம் வயதில் விதவையான பொன்னம்மாள், நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். புற்றுநோயால் நெடுநாள் வருந்தி 1915இல் இறந்தார். 1918இல் அவரது வரலாறு நூலாக வந்தது. விதவை என்றால் வீட்டு மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற காலத்தில், ஒரு தமிழ் விதவையை நம்பி அத்தனை உயிர்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

யாருக்கு எதைக் கொடுப்பது?

படிப்பா, வேலையா, கலியாணமா என்று தடுமாறும் இளம் பெண்ணுக்கு வைத்தியர் ஐடா ஸ்கடரின் வரலாறு ஏற்றது. ஆண் வைத்தியரை வீட்டுக்குள் அழைக்க மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையைத் தொடங்கினார். அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர் நம் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர்.

தனியே குடும்பத்தைச் சுமப்பவளுக்குப் பொன்னம்மாளைக் கொடுக்கலாம். ஒதுக்கப்பட்டதாக உணர்பவளுக்குக் கிளாடிஸைக் கொடுக்கலாம். அண்மையில் இழப்பைச் சந்தித்தவளுக்கு உடனே எந்தப் புத்தகமும் வேண்டாம். முதலில் பக்கத்தில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுங்கள். புத்தகம் பிறகு போகலாம்.

இந்து, முஸ்லிம் சகோதரிகளும் இவற்றை வாசிக்கலாம். மதம் மாற்றும் நோக்கோடு கொடுக்கப்படுகிறது என்ற சந்தேகம் எழுந்தால், புத்தகமும் போய்விடும், நட்பும் போய்விடும். எனவே அவரும் தனக்குப் பிடித்த ஒரு பெண்ணின் வரலாற்றை உங்களுக்குத் தரும்படி கேளுங்கள். மாறி மாறி வாசியுங்கள். கண் தெரியாத அம்மாமாருக்கும் எழுத்தறியாதவர்களுக்கும் நாலைந்து பேராகக் கூடி இருந்து, நாளுக்குச் சில பக்கங்களாக உரத்து வாசிக்கலாம்.

புத்தகம் திரும்பி வரும்போது, "நல்லாயிருந்ததா?" என்று கேட்டால் "ஓம்" என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். "எந்த இடத்தில் மேலே வாசிக்க முடியாமல் மூடி வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இடையில் பேசாமல் கேளுங்கள். அப்போது அவர் சொல்வது பெரும்பாலும் தன்னுடைய கதையாகவே இருக்கும்.